பூதக்கண்ணாடியின் பதில் நோட்டீஸ்

வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. எவனுக்காவது நோட்டீஸ் வந்தால் அன்றைக்குத்தான் நான் உயிரோடு இருப்பதே ஞாபகம் வரும். என் அக்காவின் கணவர் மட்டும் அந்த ரகம் இல்லை. கிரெடிட் கார்டு பாக்கி முழுவதையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்று வங்கியின் வக்கீல் அனுப்பிய நோட்டீசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊமையாகத் திரிந்திருக்கிறார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அக்கா அதை எடுத்து, கெடு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது என்னிடம் ஓடி வந்தாள்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். முன்பக்கம் ஏசியும் பளபளப்பும் வாடிக்கையாளருக்கு. பின்பக்கம் பலகை அடித்து மறைத்த ஓர் அறை, அதுதான் அவருடைய உலகம். சுற்றும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்சின் ஓரத்தைத் தேய்ப்பார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சேறு. பொடி ஸ்க்ரூ மாட்டுவதற்காக நெற்றியில் கட்டிய பூதக்கண்ணாடியை வீட்டுக்கு வந்தும் கழற்ற மறந்துவிடுவார். கடையில் அவருக்குப் பேரே அதுதான்.

அந்தக் கார்டை அவர் கேட்டு வாங்கவில்லை. சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கி தலையில் கட்டிவிட்டது. சொந்தச் செலவுக்கு அதை அவர் ஒரு தடவைகூட நீட்டி நான் பார்த்ததில்லை. செலவு செய்தவன் அவர் மகன்.

ஒரே பிள்ளை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று சொல்ல, அவன் அப்பா வேலை செய்கிற கடைக்கே வந்தான். மாமா வெளியே வந்து, வாடிக்கையாளர்கள் பார்க்க, கன்னத்தில் ஒன்று விட்டார். வாழ்நாளில் அவர் அடித்த ஒரே அடி அதுதான். மறுநாள் விடிந்தபோது பையனும் இல்லை, கார்டும் இல்லை. ரகசிய எண் அவன் பிறந்த வருஷம். யாருக்குத்தான் தெரியாது?

கார்டை உடனே நிறுத்தச் சொன்னாள் அக்கா. நானும் சொன்னேன். "அவன் கையில வேற காசு இல்லடா" என்றார் மாமா. அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

மாசக் கடைசியில் தபாலில் கணக்கு வந்தது. ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேருகிற ஓர் ஊர். அங்கே போர்வை விற்கிற கடையில் ஒரு தொகை. அவ்வளவுதான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் அழுதார்கள். படுக்க இடம் கிடைத்திருக்கிறது பையனுக்கு.

அதற்கப்புறம் மாசா மாசம் அந்தத் தாள்தான் அவர்களுக்குப் பிள்ளை. மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். "ஷூக் கடைடா. வேலைக்குப் போறான், பாரேன்" என்பார். சினிமாத் தியேட்டரில் ஒரு தொகை வந்தபோது, "ஒத்த ஆளுக்கு இவ்வளவு ஆகாது. கூட யாரோ இருக்காங்க" என்றார். "உங்க புத்தி ஏன் இப்படிப் போகுது? கூட்டாளியா இருக்கும்" என்று அக்கா சிரித்தாள். மருந்துக் கடை அடுத்தடுத்து வந்த மாசம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு எரிச்சலாக வரும். "ஊர் தெரியுது, கடை தெரியுது. போய்க் கையோட கூட்டிட்டு வராம இதென்ன மாமா, பேப்பர் படிக்கிற மாதிரி படிச்சுக்கிட்டு?" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன்.

"போனா ஓடிடுவான். கார்டையும் தூக்கி எறிஞ்சிடுவான். இப்போ இருக்கற இடமாவது தெரியுது" என்றார்.

பயந்தவரிடம் நியாயம் பேசி நான் ஜெயித்ததில்லை.

வந்த கணக்குக்கெல்லாம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார். ஸ்கூட்டரை விற்றார். முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது. பையன் ஒன்றும் வாரி இறைக்கவில்லை. வட்டிதான் வளர்ந்து வளர்ந்து கார்டின் வரம்பைத் தின்றது. இரண்டு மாசம் தவணை தவறியதும் வங்கி கார்டை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் வந்த தாள்களில் வட்டி, அபராதம், மறுபடி வட்டி. பையன் எந்த வரியிலும் இல்லை. எட்டு மாசம் அப்படிப் போனபிறகுதான் இந்த நோட்டீஸ்.

இருவரையும் எங்கள் வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். நோட்டீசைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கார்டு திருடு போச்சுன்னு போலீஸ்ல ஒரு புகார் கொடுங்க. இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேப்பாங்க, கேக்கட்டும். கேஸ் முழுசா நிக்காது, ஆனா பேரம் பேசலாம். பாதியாவது குறையும்."

"யார் மேல புகார்?" என்றார் மாமா.

"எடுத்தவன் மேலதான்."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். "புகார் கொடுத்தா போலீஸ் தேடுமாம்மா? கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்களா?" அவளுக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை. மகன் முகத்தைப் பார்த்தால் போதும், விலங்கு மாட்டிக் கூட்டிவந்தாலும் சரி.

"திருடன்னு எழுதிக் கொடுத்துட்டு என் பிள்ளையைத் தேடச் சொல்றியா?" என்றார் மாமா.

"எட்டு மாசமா அவன் இருக்கானா இல்லையான்னே தெரியலையே!"

"நான் அதையா நெனைக்கிறேன்? எங்கேயோ ஒரு கடையில கார்டை நீட்டியிருப்பான். செல்லாதுன்னு சொல்லியிருப்பாங்க. அப்பன் நிறுத்திட்டான்னுதானே நெனச்சிருப்பான்?" குரல் உடைந்துவிட்டது. வக்கீலம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, புகார் வேண்டாம், மாமா சொல்கிறபடியே பதில் எழுது என்று என்னிடம் சொன்னார்.

பதில் நோட்டீசை நான்தான் தட்டச்சு செய்தேன். செலவுகள் அனைத்தும் என் கட்சிக்காரருடையவையே. கடனை ஒப்புக்கொள்கிறார். தவணையில் கட்டத் தயார். கார்டை மீண்டும் இயங்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார். கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி மன்றாடினேன். "கடன்காரன் கேக்கற கேள்வியா இது? சிரிப்பாங்க மாமா." "சிரிக்கட்டும்" என்றார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேச்சுவார்த்தைக்கு வங்கி கூப்பிட்டது. மாமாவோடு நான் போனேன். வசூல் அதிகாரி சின்ன வயசு, மரியாதையான ஆள். அபராதத்தைத் தள்ளினார். மிச்சத்துக்கு நாலு வருஷத் தவணை. விஷயம் கோர்ட்டுக்குப் போகாது. கார்டைத் திறக்கவே முடியாது என்றார், சிரிக்காமல்தான். நான் உள்ளுக்குள் வங்கியை வாழ்த்திக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார்.

"நிறுத்தினதுக்கு அப்புறம் அந்தக் கார்டை யாராவது எங்கேயாவது போட்டுப் பாத்தாங்களா சார்?"

"எல்லாம் உங்க செலவுன்னுதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க? நீங்க போட்டீங்களான்னு உங்களுக்கே தெரியாதா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, மேற்கொண்டு கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஒரே ஒரு தடவை. நிறுத்தின அதே வாரம். ஏதோ பஸ் கம்பெனி. பணம் போகலை."

அதே ஊர். தொகையை மாமா வெகுநேரம் பார்த்தார். "இங்க வர்றதுக்கு டிக்கெட்" என்றார். மகனைப் பார்த்துவரக் கிளம்புவதும், பஸ் கவுண்டர் வரை போய் விலையை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்புவதுமாக அவர் எத்தனை தரம் செய்தாரென்று அப்போதுதான் தெரிந்தது.

"அதே காசுக்கு எத்தனையோ ஊருக்குப் பஸ் போகும் மாமா" என்றேன். அவர் காதில் விழவில்லை. அதிகாரி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

படிக்கட்டில் நிற்கும்போது அக்காவின் போன் வந்தது. பழைய போன். பேசுவது பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கும்.

"என்ன சொன்னாங்க?"

"தவணை குடுத்துட்டாங்க. கேஸ் இல்ல."

"கார்டு?"

"திறக்க மாட்டாங்களாம்."

பிறகு அவளும் அதையே கேட்டாள். "நிறுத்தினப்புறம் அவன் எங்கேயாவது போட்டுப் பாத்தானாமா?"

மாமா என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. போட்டே பாக்கலையாம்" என்றார்.

"அப்பாடா" என்றாள் அக்கா. பல நாளைக்குப் பிறகு அவரிடம் அவள் குரல் இளகியது. "அப்போ நாம நிறுத்திட்டோம்னு அவனுக்குத் தெரியாது. எப்பவாவது வரணும்னு தோணினா வந்துடுவான், இல்லீங்க?"

"வந்துடுவான்" என்றார் மாமா.