வானத்தில் ஒரு மணி நேரம்

விமான டிக்கெட் விற்கிற கடையில் உண்மையில் விலைபோவது அவசரம்தான். என்னைப் போலவே டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே முடி நரைத்த சக ஏஜென்ட்டுகளான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே நானும் யூசுப் பாயும் கூட்டாகக் கடை நடத்துகிறோம். போன வருஷம் அங்கே ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'சென்னை–திருச்சி: வானத்தில் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து.' அன்றைக்குப் பிடித்தது சனி.

பாயின் கேள்வி

பலகையைப் படித்த சிலர் அப்படியே திரும்பி ரயில் டிக்கெட் எடுக்கப் போனதைப் பாய் பார்த்துவிட்டார். அதை எடு, இல்லாவிட்டால் கடையைப் பிரித்துக்கொள்வோம் என்றார். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது தொடங்கிய கூட்டு. ஆனாலும் பல்லாவரம் நெரிசலையும் செக்யூரிட்டி வரிசையையும் மறைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை. எடுக்க மாட்டேன் என்றேன்.

இது நேர்மையா, வெறும் வீம்பா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை. பாய்க்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிக் கடையை மூடிட்டா, அப்புறம் யார்கிட்டப்பா உண்மையைச் சொல்லுவே?"

துபாய் போய் வர

வண்டலூரிலிருந்து ஒரு தம்பதி. துபாயில் மகன். கணவர் டிக்கெட்டில் சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தார். போக இரண்டே முக்கால் மணி, வர ஐந்தரை மணி என்று வந்தது. "அது அந்தந்த ஊர் நேரம் சார். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். எப்படிப் போனாலும் நாலு மணி சொச்சம்தான்" என்றேன்.

தலையாட்டி அனுப்பிவிடு என்று பாய் ஜாடை காட்டினார். நான் விடவில்லை. இரண்டு கடிகாரம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட மனிதர் மனைவி பக்கம் திரும்பினார்: "போறப்ப நேரா போறான், வர்றப்ப சுத்திக் கூட்டிட்டு வர்றான். ஆட்டோக்காரனே பரவால்ல."

சிறுசேரிப் பெண்

நானும் சறுக்கியதுண்டு. சிறுசேரியில் வேலை பார்க்கும் பெண்ணிடம், ரோட்டை நம்பாதே, ராத்திரி விமானத்துக்கு மத்தியானமே கிளம்பு என்று மிரட்டி அனுப்பினேன். அன்றைக்கென்று பார்த்து ரோடு துடைத்துவிட்ட மாதிரி காலி. சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள். பாய் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டது என் புத்தி. "அங்கிள், இங்க எல்லாக் கடையும் ரெண்டு சுத்து சுத்திட்டேன். இன்னொரு சுத்து வந்தா எனக்கு இங்கயே வேலை குடுத்துடுவாங்க."

பாய் அன்று முழுக்கச் சிரித்தார். பலகையைக் கழற்றுவதற்கு ஸ்டூலையும் எடுத்துப் போட்டார். அதில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

பாயின் பயணம்

போன மாதம் ஒரு மத்தியானம், திருச்சியிலிருந்து பாய்க்குப் போன். மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உடனே கம்ப்யூட்டரில் தேடினேன், சாயங்கால விமானத்தில் சீட் இருந்தது. நிமிர்ந்தால் பாய் நாற்காலியில் இல்லை. எதிரே ஸ்டேஷனைப் பார்த்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

"பாய், ஃப்ளைட்ல சீட் இருக்கு!" என்று கத்தினேன்.

திரும்பாமலே கையை வீசினார்: "அவசரம்ப்பா! ஃப்ளைட்டுக்கெல்லாம் நேரமில்லை!"

பேத்தி பிறந்தாள், கூட்டு பிரியவில்லை, பலகையும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு பாய் இன்றும் 'திருச்சிக்கு ஒரே மணி நேரம் சார்' என்று டிக்கெட் விற்கிறார்.