முன் சில்லுக்குச் சங்கிலி

சண்டைக் காலத்தில் ஒரு மத்தியானம், மருதானையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே நின்றவர்கள் நாலே பேர்: நான், த்ரீவீல் ஓட்டி வந்த முஸ்லிம் நானா, ஒரு பொலிஸ்காரர், ஒரு ஆமிப் பொடியன். என் மடியில் ஒரு உரப்பை. அதற்குள் இரும்புச் சங்கிலி.

கனடாவில் என் தம்பி சின்ன ட்ராக்டரால் கடை வாசல்களில் பனி தள்ளும் வேலை பார்த்தான். வழுக்காமல் இருக்கப் பின் சில்லுகளுக்கு மட்டும்தான் சங்கிலி போட்டிருந்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன் சில்லு ஐஸில் வழுக்கி நேரேதான் போகுமாம். ஒருநாள் அப்படியே பெருந்தெருவுக்குள் போய்விட்டதாக டெலிபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. "முன் சில்லுக்கும் அடுத்த வருஷம் வாங்கிறன் அக்கா" என்றான். நான் நம்புவேனா? டயர் அளவைக் கேட்டு வாங்கி, மருதானைப் பட்டறையில் நல்ல தடிப்பமாகச் செய்வித்து, கொட்டாஞ்சேனையில் கப்பல் பார்சலில் போடக் கொண்டுபோனேன்.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று கேட்டபடி பொலிஸ்காரர் பையைத் தெருவில் கொட்டினார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் சிங்களம் மரக்கறி வாங்க மட்டும் காணும். "ட்ராக்டர்... ஐஸ்... மல்லி கனடா" என்றேன்; மல்லி என்றால் தம்பி. அந்த வெயிலில் ஐஸ் கதை யாருக்கு ஏறும்? அவர் என் அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே கொண்டுபோனால் எப்போது விடுவார்களோ.

"எத்தினையோ சாமான் ஏத்திருக்கேன், சங்கிலியோட மாட்டினது இதான் முதல் தரம்" என்று நானா முணுமுணுத்தார்.

கைப்பையில் இருந்த தம்பியின் படத்தை நீட்டினேன். முழங்கால் அளவு பனியில் ட்ராக்டரும் அவனும். ஆமிப் பொடியன் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவனுடைய தகப்பனும் வயலில் ட்ராக்டர் வைத்திருக்கிறாராம், சேற்றிலும் முன் சில்லு இதே குணம்தானாம். நானாதான் தமிழில் சொன்னார். அவன் பொலிஸ்காரரோடு கதைத்ததும் அட்டை திரும்பி வந்தது.

புறப்படும்போது, "அக்கே, பொட்டக் இன்ன" என்று நிற்கச் சொன்னான். செத்தேன் என்று நினைத்தேன். அவனோ த்ரீவீலின் ஹாண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, முன் சில்லுக்குப் பக்கத்து இடைவெளியில் சங்கிலியை நுழைத்துக் காட்டினான். அது இறுகிக்கொண்டது.

"திருப்பும்போது இடிக்குமாம். தம்பிய அளந்து பாக்கச் சொல்றார்" என்றார் நானா.

பார்சல் போடவில்லை. அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து தம்பிக்கு டெலிபோன் எடுத்தேன். போய் அளந்துவிட்டு வந்தான். சில்லை முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் எண்ணெய்க் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளிதான்.

"உந்தத் தடிப்பத்தில போட்டிருந்தா குழாய் அறுந்திருக்கும் அக்கா. ஆர் சொன்னது?"

"ஆமிக்காரன்."

"அக்கா, நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

பிறகு மெல்லிய சங்கிலி செய்து அனுப்பினேன். அடுத்த பனிக்கு முன் சில்லு சொன்ன பக்கம் திரும்பியது. யூனிபோர்மைக் கண்டால் வரும் பயம் எனக்கு அதற்குப் பிறகும் போகவில்லை. ஆனால் சண்டைச் செய்தி கேட்ட ஒவ்வொரு நாளும், அந்தப் பொடியன் தகப்பனின் வயலுக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டுமே என்று என் தம்பிக்காகக் கவலைப்பட்டதுபோலவே கவலைப்பட்டேன். போய்ச் சேர்ந்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.