அவன் சொன்ன பேஜார்

கொரோனா ஓய்ந்து, ஜனங்கள் மறுபடி முகத்தை மூடாமல் பேச ஆரம்பித்த வருடம். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்த குடும்ப நல ஆலோசனை மையத்தில் நான் பயிற்சியில் இருந்தேன். கணவன் மனைவிக்குள் சிக்கல் என்று வருபவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. ஃபேமிலி தெரபிஸ்ட் ஆகப் போகிறேன் என்றால் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. "ஓ, பஞ்சாயத்தா?" என்பார்கள். நாற்பது வயதில் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போனபோது, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்காத ஆள் பாக்கியில்லை.

பைத்தியம் இல்லை, பிடிவாதம். நான் வளர்ந்தது கோலார் தங்க வயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். எல்லோருக்கும் கேட்கும், யாரும் போய் என்னவென்று கேட்க மாட்டார்கள். இதற்கென்று படித்த ஒருவர் நம் பாஷையில் பேசினால் நன்றாயிருக்குமே என்று அப்போதே தோன்றும். அந்த ஒருவர் நானாக இருக்கலாம் என்று தோன்றத்தான் ரொம்ப வருடம் ஆயிற்று.

மையத்தில் என் மேற்பார்வையாளர் என்னைவிட வயதில் சின்னவர். மைசூர்க்காரர், படு கெட்டிக்காரர். வருகிறவர்களின் சம்மதத்தோடு அறையில் கேமரா வைத்துப் பதிவு செய்துகொண்டே, பக்கத்து அறையிலிருந்து பார்ப்பார். நான் அளவுக்கு மீறிப் பேசினால் மேஜையில் இருக்கும் இன்டர்காம் அடிக்கும். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதனால் அது அடித்துக்கொண்டே இருந்தது.

அப்படியிருந்த நாட்களில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். தமிழ் தெரிந்தவள் என்று என்னிடம் கொடுத்தார்கள். என்னைவிட ரொம்பச் சின்னவர்கள் என்பதால் அவன், அவள் என்றே எழுதுகிறேன். அவன் பெங்களூர் நீலசந்திராவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், லிஃப்ட் மெக்கானிக். அவள் சென்னை, பெரம்பூர்ப் பெண். இங்கே ஒரு பியூட்டி பார்லரில் வேலை. கல்யாணமான முதல் வருடமே ஒரு குழந்தை வயிற்றிலேயே கலைந்து போயிருந்தது. அதற்குப் பிறகு பேச்சு குறைந்து குறைந்து, கடைசியில் அவள் சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதாக இல்லை.

இரண்டாவது முறை வந்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வீட்ல பேசறதே இல்ல மேடம். வேலை முடிச்சு வந்தா செவுத்தைப் பாத்துக்கினு உக்காந்துக்கறா. எனக்கு ரொம்ப பேஜாரா இருக்குது."

அவள் எழுந்தாள், பையை எடுத்தாள். "கேட்டீங்களா மேடம்? உங்க முன்னாடியே சொல்றாரு." அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

எனக்குச் சுருக்கென்றது. ஒருவன் இப்படிக் கலங்கிப்போய்ச் சொல்கிறான், இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் இல்லையே என்றிருந்தது. மேற்பார்வையாளருக்கும் அதே எண்ணம்தான். அவள் மனசளவில் எப்போதோ போய்விட்டாள், இதை இதோடு முடித்துவிடலாம் என்றார். கூடவே, தம்பதிகளை விட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தனியே பார்க்கும் ஆலோசனை உங்களுக்குச் சரிவருமோ என்னவோ, யோசியுங்கள் என்றும் மெதுவாகச் சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை. பதிவைக் கொடுங்கள், பார்க்க வேண்டும் என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பதிவுகளையும் போட்டுப் பார்த்தேன். முதல் முறை வந்தபோது அவள் நன்றாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவில் அவன் பேஜார் என்றதும் வாய் மூடியது. அப்புறம் திறக்கவேயில்லை. இரண்டாவது முறை அதே வார்த்தைக்குப் பையைத் தூக்கினாள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், அந்த இடமேதான்.

அவள் ஊருக்குப் போவதற்குள் இன்னொரு தடவை உட்கார வேண்டும், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டும் என்று போய் நின்றேன். மேற்பார்வையாளர் சிரித்தார். "பேஜாருன்னா எனக்கே தெரியுமே, எங்க கன்னட வார்த்தை. நீங்க மூணு பேரும் தமிழ். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. ஆனாலும் நான் அசையவில்லை. கடைசியில் அவர் சரி என்றார், அரை மனதாக. அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்து, அரை மணி நேரம் கொடும்மா, அதற்கப்புறம் கூப்பிட மாட்டேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். சுற்றி வளைக்கவில்லை. "பேஜார்னு அவர் சொன்னப்போ உனக்கு என்னம்மா கேட்டுச்சு?" என்றேன்.

அவள் மடியிலிருந்த பையின் வாரை முறுக்கினாள். எனக்கு நாக்கு துறுதுறு என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தொல்லைன்னு கேட்டுச்சு. வேற இன்னா?" என்றாள். "எங்க ஊர்ல பேஜார் பண்ணாதன்னா தொல்லை பண்ணாதன்னு அர்த்தம். ஆஸ்பத்திரில நான் படுத்துனு இருக்கேன். வெளிய நின்னு அவங்க அண்ணனுக்கு போன்ல சொல்றாரு, ரொம்ப பேஜாராயிடுச்சுண்ணான்னு. எம் புள்ள போனது இவருக்குத் தொல்லையா மேடம்?"

எங்கள் வீட்டில் பேஜார் என்றால் மனசு சரியில்லை, துக்கம். கன்னடத்திலிருந்து வந்து எங்கள் கோலார், பெங்களூர்த் தமிழில் ஒட்டிக்கொண்ட அர்த்தம் அது. எனக்கு வேறு அர்த்தமே காதில் விழவில்லை. அதை விளக்கப் போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அது நான் சொல்ல வேண்டியதில்லை. அவனைப் பார்த்தேன்.

அவன் திகைத்துப் போயிருந்தான். "அழுகையா வந்துச்சு மேடம். அதைத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். அதுக்குப் பேஜார்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றது?"

என்னிடம் இல்லை, அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அதையே அவளிடம் சொன்னான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்லர்ல கன்னடக்காரங்க சொன்னா எனக்குப் புரியும்," என்றாள். "நீ தமிழ்லதானே சொன்னே."

அப்போதுதான் அவன் அழுதான். குழந்தை போனதற்கு அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். இன்டர்காம் அடிக்கவே இல்லை.

ஒரு வார்த்தை புரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சனிக்கிழமை அவள் ஊருக்குப் போகத்தான் செய்தாள். பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஸ்டேஷன் வரைக்கும் போனான். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகும் பல மாதம் என்னிடம் வந்தார்கள், மாமியார், சம்பளம், செல்போன் என்று வண்டி வண்டியாகச் சண்டை. ஆனால் எதற்குச் சண்டை போடுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்த சண்டை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரு மட்டும் போடாதீங்க மேடம்," என்று சிரித்தாள்.

மேற்பார்வையாளர் அந்த வெள்ளிக்கிழமையே, "நானும் தப்பாத்தான் கேட்டேன்," என்றார். தனியாக ஆளைப் பார்க்கும் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. நான் பயிற்சியை முடித்து, இப்போது இதே பெங்களூரில், அடுகோடியில் ஒரு சின்ன அறையில் தம்பதிகளைப் பார்க்கிறேன். என் கணவருக்கு இது ஒரு கேலி. பேஜாரா இருக்கு என்று இவளிடம் சொன்னால், எந்த ஊர் பேஜார் என்று கேட்கிறாள் என்பார். கேட்கத்தான் செய்கிறேன்.

வேறு பாஷைக்காரர்கள் எதிரில் உட்காரும்போது எனக்குப் பயமில்லை. என் தமிழையே பேசுகிறவர்கள் வரும்போதுதான் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன், ஏனென்றால் ஒரே குழந்தைக்காக இருவரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.