மாதையன் கடைசியாகக் காட்டிய படம்

செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் வந்து சொன்னபோது, என் ஸ்டெதாஸ்கோப் ஒரு நோயாளியின் நெஞ்சில் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கேன் படம் எடுக்கும் எக்கோ டெக்னீஷியன் மாதையன், பாப்பிரெட்டிப்பட்டியில் தன் வீட்டில் பல் துலக்கிக்கொண்டே சாய்ந்தவர் எழவே இல்லையாம். காதுக்குள் அந்த நோயாளியின் இதயம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்த நண்பர்களே, உங்களுக்குத் தெரியும். திரையில் நோயாளியின் பெயர் வரும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். "பேரைப் பாத்தா கண்ணு கெட்டுடும் சார்" என்பார்; ஆளைப் பார்த்து என் முடிவு மாறிவிடக் கூடாதாம். தளர்ந்துபோன இதயத்துக்கு மூன்று கம்பி பேஸ்மேக்கர் உதவுமா என்று நான் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதயச் சுவர்கள் முன்பின்னாகச் சுருங்கினால் கம்பி அவற்றைச் சேர்த்து இழுக்கும். தழும்பேறிச் செத்த சுவரை அது எழுப்பாது. "ரெண்டு மாடும் உசுரோட இருந்தாத்தானே சார் ஏரு பூட்ட முடியும்" என்பார்.

வத்தல்மலையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு நான் கைவிரித்தபோது, "இன்னொருக்கா பாருங்க சார்" என்று நச்சரித்தே கம்பி வைக்க என்னைச் சம்மதிக்க வைத்தார். அந்த அம்மா இப்போது கேழ்வரகு மூட்டையோடு பஸ் ஏறுகிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு படம் காட்டினார். ஒரே நடுக்கம். "யாருய்யா எடுத்தது?" என்று எரிந்து விழுந்தேன். "படுத்தவரு சரியாப் படுக்கல சார்" என்றார். பின்சுவர் முழுக்கத் தழும்பு. கம்பி வேண்டாம், மாத்திரையில் ஓடும்வரை ஓடட்டும் என்றேன். எதற்கும் வாதாடுகிறவர் அன்று "சரிங்க" என்று மட்டும் சொல்லி, பிளாஸ்திரியை விரலால் அழுத்திவிட்டார்.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க? அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. சார் பாத்துட்டாரு, கம்பி வேண்டாம்னுட்டாருன்னு."

நடுங்கிய அந்தப் படம் அவருடையதுதான். தன் நெஞ்சில் தானே கருவியை வைத்து எடுத்திருக்கிறார். என் பக்கத்தில் நின்று, தன் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் என்று தெரிந்திருந்தால் கம்பி வைத்தே இருப்பேன். பிழைத்திருப்பாரா, தெரியாது. எனக்கென்று அவர் விட்டுப்போனது மெஷினில் அந்தப் படத்தில் பதிவாகியிருக்கும் நாலு துடிப்புதான். திறந்தால் போதும், மண்ணுக்குள் போன மனிதரின் இதயம் திரும்பத் திரும்ப அடிக்கிறது. ஒரு நாள் என் கண்ணுக்குப் பின்சுவர் கல்லாகக் கிடக்கிறது. மறுநாள் லேசாக அசைகிறது. சேலத்தில் வேறொரு டாக்டரிடம் காட்டி, அன்று நான் சொன்னது சரிதானா என்று கேட்டுவிடலாம். தைரியம் வரவில்லை.