இன்டரிம் அம்மா

சிப்பாட்டா நகரச் சந்தையில் கப்பெண்டா என்னும் பொடிமீன் கருவாடு விற்கும் ஜெலிப்பா சக்காலாவை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவள் 'இன்டரிம் அம்மா'தான். பக்கத்தில் தக்காளி விற்கும் எனக்கும் அப்படித்தான்.

சந்தை வியாபாரிகள் சங்கத்தின் பழைய தலைவர் மகளோடு இருக்கத் தலைநகர் லுசாக்கா போய்விட்டார். தேர்தல் நடக்கும்வரை ஜெலிப்பாவை 'இன்டரிம்' தலைவி என்று உட்கார வைத்தார்கள். வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ. மறுநாள் மீன் வாங்க வந்த வாத்தியாரை அவள் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்டரிம்னா என்ன?"

"லத்தீன்லேர்ந்து வந்த சொல்லும்மா. 'அதுக்கு நடுவுல'ன்னு அர்த்தம். இடைக்காலத் தலைவி."

"அப்ப அந்த நடுவுல தலைவி நான்தானே? வேற யாரும் இல்லையே?"

"நீங்கதான்."

"அது போதும்" என்று ஒரு கை கருவாட்டைக் கூடுதலாகப் போட்டாள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மீன் வரிசைக்குப் பின்னால் இருந்த சாக்கடை வழக்கம்போல் அடைத்துக்கொள்ள, கறுப்புத் தண்ணீர் கடைகளுக்குள் ஏறியது. காரணம் எல்லோருக்கும் தெரியும். சங்கச் செயலாளர் கமங்கா தன் சோளமாவுக் கிடங்கை நீட்டி, சாக்கடைமேல் சிமெண்டுப் பலகை போட்டுச் சுவர் எழுப்பியிருந்தார். பழைய தலைவர் அதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

ஜெலிப்பா கடப்பாரையோடு போனாள். பின்னால் நாங்கள், மண்வெட்டிகளோடு.

கமங்கா வாசலை மறித்தார். "ஏம்மா, நீ வெறும் இன்டரிம். நாற்காலி காலியா கிடக்கக்கூடாதேன்னு உக்கார வச்சோம். இதுக்கெல்லாம் நெஜத் தலைவர் வரட்டும்."

"மழை அதுவரைக்கும் காத்திருக்காதே அண்ணே. மாவு மூட்டையை எங்க வைக்கட்டும்?"

"என்னது?"

"நனையக்கூடாதுல்ல? என் கடை மேடையில அடுக்கிடுறோம். ஒரு பிடி குறையாது."

அதற்குள் எங்களில் ஒருத்தி முதல் மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட்டாள். நகரசபைக்குப் போகிறேன் என்று கமங்கா கத்தினார்.

"போங்க, குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் ஜெலிப்பா.

சுவர் விழுந்தது. பலகை பெயர்ந்தது. தேங்கிக் கிடந்த தண்ணீர் திமுதிமுவென்று ஓடியது. ஜெலிப்பா கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நகரசபை அதிகாரி வந்தார். "எந்த அதிகாரத்துல இடிச்சீங்க?"

"இன்டரிம் அதிகாரத்துல."

அவர் சாக்கடையைப் பார்த்தார். பிறகு கமங்கா பக்கம் திரும்பி, கட்ட அனுமதி வாங்கியிருந்தீர்களா என்று கேட்டார். கமங்காவுக்கு உடனே எங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

தேர்தலில் கமங்காவும் நின்றார். அவர் மனைவியே ஜெலிப்பாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாள் என்று பேச்சு. இப்போது ஜெலிப்பா முழுத் தலைவி, ஆனாலும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. சந்தையில் அந்தச் சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. "புது மருமக எப்படி?" என்று கேட்டால், "அவளா? இன்டரிம்! சொன்ன வேலையை முடிச்சுட்டுத்தான் உக்காருவா" என்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு இன்டரிம் மேலாளரை நியமித்திருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். மீன் வரிசை முழுக்கக் கைதட்டியது.