நான் முத்திரை குத்திய நைன் எம்.எம். ரிவால்வர்

பெரிய அதிகாரி ரிவால்வரைக் கையில் வாங்கி, ஆறு டம்மி தோட்டாக்களையும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு குழலை லேசாகக் கீழே சாய்த்தார். சிலிண்டரின் முன்பக்கமாக மூன்று தோட்டாக்கள் வெளியே வந்து மேஜையில் உருண்டன. அதில் ஒன்று அவருடைய டீ கப்பில் முட்டி நின்றது.

ஹைதராபாத்தில் ஆயுதப் பட்டறை ஒன்றில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது நடந்தது இது. அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். அதை நடத்தப்போகிறவரும் இதே அதிகாரிதான். 

எல்லாம் எங்கள் மேனேஜர் ராவ் சாரின் ஆசையில் ஆரம்பித்தது. கண்காட்சிக்குப் பழைய பாணியில், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் ஒன்று வேண்டும், ஸ்டோரில் நைன் எம்.எம். தோட்டா குவிந்து கிடப்பதால் அந்தத் தோட்டாவுக்கே செய்துவிடலாம் என்றார். மாதிரிக்கு அலமாரியில் அரதப் பழசான பாயிண்ட் முப்பத்தெட்டு ரிவால்வர் ஒன்று இருந்தது. அதன் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைகள் முன்னும் பின்னும் ஒரே சீராகக் குடைந்தவை. நாங்களும் விட்டத்தை மட்டும் மாற்றி அப்படியே குடைந்தோம்.

ஃபிட்டர் யூசுப் பாய் முதலிலேயே எச்சரித்தார். முப்பது வருடம் தமிழர்களோடு வேலை பார்த்ததில் அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"நக்கோ சார், வேணாம். அந்தத் தோட்டாவுக்கு விளிம்பு இல்ல. எதப் புடிச்சு நிக்கும்?"

நான் பெரிய மேதாவி. கேஜ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் பாய் என்று அவர் வாயை அடைத்தேன். கேஜ் என்பது தோட்டா அளவில் செய்த சோதனைக் கட்டை; அதைப் போட்டும் பார்த்தேன். ஆறு அறையிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. சிலிண்டரில் என் முத்திரையைக் குத்திவிட்டு, மல்காஜ்கிரியில் இருந்த வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

அதிகாரி இப்போது அந்த முத்திரையைத் தேடிப் பிடித்து, கேஜைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். அறைக்குள் நழுவாமல் தாங்கிப் பிடிக்க, அதன் பின்பக்கம் அழகாக ஒரு விளிம்பு இருந்தது. பழைய முப்பத்தெட்டின் கேஜ் ட்ராயிங்கில் விட்டத்தைத் திருத்திக் கொடுத்த நான், விளிம்பை நீக்க மறந்திருந்தேன். தப்பான கேஜ் தப்பான வேலைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. கள்ளனும் தோட்டக்காரனும் ஒன்று சேர்ந்தால் விடிய விடியத் திருடலாம் என்பார்களே, இங்கே இரண்டு பேரும் நானே.

யூசுப் பாய் தோட்டாக்களைப் பொறுக்கி மேஜையில் வைத்தபடி சொன்னார்: "புது மாடல் சாப். பின்னாடி போட்டா முன்னாடி வரும்."

ராவ் சார் கூரையைப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

நேர்காணலில் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். ஆங்கிலத்தில் வணக்கம் சொன்ன திருநெல்வேலிக்காரர், கேள்விக்குத் தமிழுக்கு வந்துவிட்டார். "சிங்கிள் ஆக்‌ஷன்ல நைன் எம்.எம். ஏன் அபூர்வம்? சொல்லும் பாப்போம்."

ஒரு வாரமாகத் தூங்காமல் படித்ததைக் கொட்டினேன். விளிம்புள்ள தோட்டா, தலையுள்ள ஆணி மாதிரி ஓட்டையின் வாயிலேயே தொங்கிவிடும். விளிம்பில்லாத தோட்டா, அதன் உறையின் முன்வாய் முட்டி நிற்க, அறைக்குள்ளே ஒரு சின்னப் படி வெட்ட வேண்டும். ஆறு அறையிலும் அந்தப் படி ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சுத்தியலின் ஊசி தோட்டாவின் பின்பக்கத்தில் சரியாக அடிக்காது. மற்ற ரிவால்வர்களில் தகட்டு கிளிப்பில் கோத்துச் சிலிண்டரைத் திறந்து போட்டுவிடலாம். இதில் கதவு வழியாக ஒவ்வொன்றாகத்தான் போக முடியும், கிளிப் நுழையாது. இத்தனை பாடுபடுவதற்குப் பழைய விளிம்புத் தோட்டாவே போதும் என்று செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

"அவ்வளவுதானா?"

மறைத்துப் பயனில்லை. "இன்னொண்ணும் இருக்கு சார். நடுவுல என்னை மாதிரி ஒருத்தன் கேஜைப் பாக்காம முத்திரை குத்திடுவான்."

அப்போதுதான் அவர் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்றே நினைத்து, ஹப்சிகுடாவில் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

உத்தரவு மறுவாரம் வந்தது. பதவி உயர்வு இல்லை. கேஜ் ரூம் பொறுப்பு. பட்டறையில் உள்ள அத்தனை கேஜையும் மாதம் ஒருமுறை நான் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். வருத்தமாகத்தான் இருந்தது, இனிப்பு வேறு வீட்டில் தீர்ந்திருந்தது. ஓய்வு பெறும்வரை அந்த அறையிலேயே இருந்தேன். வேலையை அளக்கும் முன் அளவை அளந்து பார் என்பதை அங்கே தினமும் படித்தேன்.

முதல் நாள் கேஜ் ரூமைத் திறந்தபோது, அந்த விளிம்புள்ள கேஜ் என் மேஜைக்கு நேர் மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யூசுப் பாய் வேலை. அதன் கீழே அட்டையில் எழுதியிருந்தார்: "இது விழாது."