அன்னைக்கு தீர்த்தத்துல பல்லி விழல

கொரோனாவுக்கு அப்புறம் கோயில் தொறந்து மொத தடவ திருவிழா நடந்துச்சு பாருங்க, மழை பேஞ்சு சாமி ரதம் சேத்துல மாட்டிக்கிட்டு டிராக்டர் கொண்டாந்து இழுத்தாங்களே, அதுக்கு அடுத்த வருஷம். புரட்டாசி மாசம். ரெண்டாவது சனியா மூணாவது சனியான்னு கேட்டா, மூணாவதுதான். ரெண்டாவது சனிக்கு நான் போவல, முட்டி வீங்கிக் கெடந்தேன்.

கொரோனாவ எதுக்கு சொல்றேன்னா, அது எனக்கும் வந்துச்சு. ஆளு பொழச்சேன், மூக்கு போயிருச்சு. இன்னைய வரைக்கும் வாசன தெரியாது. மல்லிப்பூவும் கருவாடும் எனக்கு ஒண்ணுதான். ஒரு நாள் அடுப்புல கொழம்பு கருகிப் பொகையுது, நான் பக்கத்துலயே ஒக்காந்து பேப்பர்ல படம் பாத்துக்கிட்டு இருக்கேன். மருமவ ஓடியாந்து, மாமா ஒரு நாளைக்கு வீட்டயே எரிச்சுருவாருன்னு சொல்லி சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அப்ப சிரிச்சாச்சு.

நான் படிச்சவன் இல்ல. எஸ்டேட்டு பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் ஒக்காந்தேன், அப்புறம் அம்மா கூட மங்கு தொடைக்கப் போயிட்டேன். மங்குன்னா பால் வடியிற கப்பு. கித்தா மரம், அதான் ரப்பர், பாலுக்கு வெட்டுனேன். அத சாச்சுட்டு எண்ண எடுக்குற செம்பன போட்டாங்க, அப்புறம் பழம் வெட்டுனேன். நாங்க குடியிருந்த எஸ்டேட்டு லயத்த இடிச்சப்பறம் ஜாசின் பக்கம் தாமான் குடியிருப்புல வீடு. மவன் வீடுதான். மவனுக்கு நாப்பது தாண்டிருச்சு. பழ லோரி ஓட்டிக்கிட்டு இருந்தான்.

லயம்தான் போச்சு, கோயில் அங்கேயேதான் இருக்கு, செலண்டார் போற ரோட்டுல இருந்து உள்ள, செம்பனைக்கு நடுவுல. குருக்கள் திருவிழாவுக்கு வருவாரு. மத்த நாளுக்கு நான்தான். எனக்கு மந்திரம் தெரியாது. வெளக்கு ஏத்துவேன், தீர்த்தம் கலப்பேன், கையில ஊத்துவேன். அவ்வளவுதான் என் வேல.

புரட்டாசி சனின்னா தீர்த்தம்தான் விசேஷம். செம்புக் கொடத்துல தண்ணி புடிச்சு, துளசி போட்டு, ஏலக்கா ரெண்டு, கிராம்பு ரெண்டு, கடைசியா பச்சக் கற்பூரம். சூடம் இல்ல, இது சாப்புடுறது. சின்ன பிளாஸ்டிக் பையில வெள்ளையா கல்லு கல்லா இருக்கும். கரண்டிக் காம்பால நசுக்கிப் போடுவேன். தொண்டையில குளுகுளுன்னு எறங்கும். புள்ளைங்கதான் மொத வரிசையில நின்னு கைய நீட்டும். குடிச்சிட்டு பின்னால ஓடிப் போயி திரும்ப வந்து நிக்கும். தெரியாத மாதிரி ஊத்துவேன்.

மவனப் பத்தி சொல்லணும். அந்த வருஷம் அவன் எப்பிடி ஒழைச்சான் தெரியுமா. ரெண்டு நாளு, மூணு நாளு தூங்காம லோரி ஓட்டுவான். வீட்டுக்கு வந்தும் ஒக்கார மாட்டான். லோரிய கழுவுவான், கழுவுனதயே திரும்பக் கழுவுவான். சோறு தின்ன மாட்டான், ஆளு எளச்சு கன்னம் ஒட்டிப் போச்சு. ஆனா சிரிச்சு சிரிச்சுப் பேசுவான். எனக்கு ஒரே பெரும. கோயில்ல எல்லார்ட்டயும் சொல்லுவேன், எம் மவன் மாதிரி ஒழைக்கிறவன் இந்த ஜில்லாவுல கெடையாதுன்னு.

போதைன்னா நமக்குத் தெரிஞ்சது கள்ளும் சம்சு சாராயமும்தானே. கள்ளுக்கடையில இருந்து வர்றவன் தூரத்துலயே தெரிஞ்சிருவான். மொதல்ல பாட்டு வரும், அப்புறம் கெட்ட வார்த்த வரும், அதுக்கப்புறம்தான் ஆளு வருவான். பொண்டாட்டி புள்ளைங்க அடுத்த வீட்டு காம்பராவுக்கு ஓடி ஒளிய நேரம் இருக்கும். இது அப்பிடி இல்ல. சத்தம் கெடையாது. வாசன இருந்தாலும் எனக்கு எங்க தெரியும். அவன் டெலிபோன்ல, பத்து இருக்கா, பத்து இருக்கான்னு கேப்பான். நான் பத்து லோடு பழம்னு நெனச்சுக்கிட்டேன். மலாய்ல பத்துன்னா கல்லு. சியாபுன்னு ஒரு போதைக் கல்லு, அந்தக் கருமத்த அப்பிடித்தான் சொல்லுவானுங்களாம். ஒரே வீட்டுல ஒக்காந்து இத்தன நாளா என் காதுல வுழுந்திருக்கு.

அந்த சனிக்கெழம காலைல வெளக்கு ஏத்த எண்ண, திரி எல்லாம் பையில எடுத்து வெச்சேன். வீட்டு சாமி மேடையில கற்பூரம் வாங்கி வெச்சிருக்கேன்னு மருமவ மொத நாளே சொல்லிருந்துச்சு. கண்ணுல வேற பொற. தடவிப் பாத்தேன். முன்னால இல்ல. அம்மன் படத்துக்குப் பின்னால கைய விட்டேன், சின்ன பை தட்டுப்பட்டுச்சு. வெள்ளையா கல்லு கல்லா. எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு காடியில என்னய கொண்டாந்து கோயில்ல எறக்கி விட்டாரு.

கோயில் கூட்டுற பொண்ணு ஒண்ணு இருக்கு, புருஷன் இல்ல, மவளக் கட்டிக் குடுத்தாச்சு, என்னய பெரியப்பான்னு கூப்புடும். அது கொடத்த புளி போட்டு வெளக்கி, தண்ணி புடிச்சு, தட்டால மூடி வெச்சிருந்துச்சு. நான் தொறந்து எல்லாத்தயும் கலந்தேன். அந்தப் பையில இருந்தத அத்தனையும் நசுக்கிப் போட்டேன். கரைஞ்சிருச்சு.

கலந்த கொஞ்ச நேரத்துல ஒரு அம்மா வந்துச்சு. நம்ம எஸ்டேட்டுதான், நானும் அதும் ஒரே நெரையில மரம் வெட்டுனவங்க, என்னய அண்ணேன்னு கூப்புடும். மவளுக்கு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரில மொத பிரசவமாம், வலி எடுத்து ஒரு நாளாச்சு, இன்னும் பொறக்கலையாம். பூச வரைக்கும் நிக்க முடியாது, பஸ்ச புடிக்கணும், மவளுக்கு தீர்த்தம் குடுன்னு ஒரு சின்ன தண்ணி பாட்டில நீட்டுச்சு. நானே ஊத்திக் குடுத்தேன். நல்லபடியா பொறக்கும் போன்னு சொல்லி அனுப்புனேன்.

பத்து மணி இருக்கும். ஆளுங்க வந்துட்டாங்க. பொங்கல் எறக்கியாச்சு. மருமவ போன் பண்ணுது. மாமா, கற்பூரத்த எடுக்காம போயிட்டீங்களே, இந்தா வெளக்குக்குப் பக்கத்துலயே இருக்கேன்னு. அப்ப நான் எடுத்தது என்னம்மான்னு கேட்டேன். அதுக்குத் தெரியல. கல்கண்டா இருக்கும்னு சொல்லுச்சு. சரி, கல்கண்டுன்னா ஒண்ணும் இல்லன்னு நானும் நெனச்சேன். ஆனா படத்துக்குப் பின்னால யாரு கல்கண்ட வெப்பாங்க? அந்த நெனப்பு வந்ததும் சூடம் காட்ட தட்ட எடுத்தவன் திரும்பக் கீழ வெச்சுட்டேன். புள்ளைங்க வரிசையில நின்னு தள்ளிக்கிட்டு இருக்கு. தாத்தா சீக்கிரம் ஊத்துங்கன்னு ஒண்ணு கைய நீட்டுது. வெளக்கு சரியா எரியல, எண்ண பத்தலன்னு ஏதேதோ சொல்லிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்குறேன்.

நான் பைய எடுத்தத மருமவ சொல்லிருக்கும் போல, மவன் காடி மண்ணு ரோட்டுல வந்த வேகத்துல பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. செருப்போட கோயிலுக்குள்ள வந்தான். அவன் மூஞ்சிய நான் அப்பிடி பாத்ததே இல்ல. மொகம் வெளுத்து, ஒதடு காஞ்சு. எங்கிட்ட வந்து மெதுவாத்தான் கேட்டான்.

"யாராச்சும் குடிச்சிட்டாங்களாப்பா?"

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. தூங்காம லோரி ஓட்டுனது, பத்து இருக்கா, கன்னம் ஒட்டுனது எல்லாம்.

கொடத்த தூக்குனேன். சனங்க என்னன்னு கேக்குறாங்க. சாமிக்கு முன்னால நின்னு நான் சொன்னேன், பல்லி வுழுந்திருச்சுன்னு. பல்லி வுழுந்த தீர்த்தம் வெசம், எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் மறுபேச்சு பேசல. மவன் மம்மட்டி எடுத்துட்டுப் போயி பின்னால குழி வெட்டி ஊத்தி மூடுனான், கோழி நாயி வந்து நக்கிறப்படாதுன்னு.

உள்ள அந்தப் பொண்ண புடிச்சுக்கிட்டாங்க. கொடத்த தொறந்து போட்டுட்டியா, புள்ளைங்க குடிச்சிருந்தா என்னாவுறதுன்னு ஆளாளுக்கு ஏசுறாங்க. அது என்னயத்தான் பாத்துச்சு. "பெரியப்பா, நான் மூடித்தான் வெச்சேன்." நான் மூஞ்சிய திருப்பிக்கிட்டேன். எனக்கு அப்பத்தான் அந்த பாட்டில் நெனப்பு வந்துச்சு.

மவன இழுத்துக்கிட்டு காடில ஏறுனேன். அந்தம்மா போன் நம்பர் எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. பஸ்சு போயி ஒரு மணி நேரம் ஆச்சு. எந்தக் கையால நசுக்குனேனோ அந்தக் கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல. நல்லா கழுவியாச்சு, ஆனாலும் சன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டே போனேன், சின்னப் புள்ள கைய நீட்டுற மாதிரி.

காடில எனக்கு என் தம்பி நெனப்பு. என் கூடப் பொறந்தவன். எம்பத்தி ஏதோ ஒரு வருஷம், அப்ப எஸ்டேட்டுக்குள்ள பவுடர் வந்துச்சு. போதன்னு யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டோம். அவன் மருந்து அடிக்கிறான்னுதான் சொல்லுவோம். என் தம்பியும் அடிச்சான். நாங்க அவன ரூமுல போட்டுப் பூட்டுனோம், தானா தெளிஞ்சிரும்னு. கதவத் தட்டுனான், கத்துனான். தொறக்காதீங்கன்னு சொன்னவன் நான். மூணாவது நாளு சத்தம் நின்னுச்சு. தெளிஞ்சுட்டான்னு நெனச்சோம். அவனப் பத்தி மவன்கிட்ட நான் பேசுனதே இல்ல, காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லி வெச்சிருந்தேன். அன்னைக்கு ஆயர் குரோ தாண்டுற வரைக்கும் சொல்லிக்கிட்டே போனேன். அவன் ஸ்டேரிங்க புடிச்சுக்கிட்டு ரோட்டயே பாத்தான். கண்ணுல தண்ணி போவுது, தொடைக்கல.

ஆஸ்பத்திரில வாசல்ல காவல் நிக்கிற ஜாகாக்காரன்தான் எங்க சாமி. பாக்குற நேரம் பன்னண்டரைக்குத்தான்னு அந்தம்மாவ உள்ள விடாம ஒக்கார வெச்சிருந்தான். வார்டுக்கு வெளிய நாக்காலில, பாட்டில மடியில வெச்சு முந்தானையால மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கு. எங்களப் பாத்ததும் மவளப் பாக்கத்தான் வந்துருக்கோம்னு அதுக்கு ஒரே சந்தோஷம்.

தங்கச்சி, அந்த பாட்டில குடுன்னேன். பல்லி வுழுந்திருச்சுன்னேன். அது பாட்டில தூக்கி வெளிச்சத்துல பாத்துச்சு. சுத்தமாத்தான் இருக்கு, நான் வாங்குன அப்புறம் வுழுந்திருக்கும்னு சொல்லுச்சு. சாமி தண்ணிய கொட்டச் சொல்றீங்களே, என் புள்ள உள்ள துடிக்குதேன்னு பாட்டில இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. புடுங்கவும் முடியாது, விடவும் முடியாது. மணி பன்னண்டு இருபது. சனங்க கதவுகிட்ட கூடுறாங்க.

மவன் அது முன்னால தரையில குந்துனான்.

"அத்த, அதுல என் மருந்து கலந்திருச்சு."

அதுக்கு புரியல. "மருந்துதானே தம்பி, மருந்துன்னா நல்லதுதானே."

நான் சொல்லிருக்கலாம். எனக்கு வரல. கடைசில அவன்தான் சொன்னான்.

"சியாபு அத்த. நான் அடிக்கிறது."

அந்தம்மா ஏசல. பாட்டில அவன் கையில குடுத்துட்டு, முந்தானைல தன் கைய தொடச்சுச்சு, தொடச்சுக்கிட்டே இருந்துச்சு. கதவு தொறந்ததும் எந்திரிச்சு உள்ள போயிருச்சு. சாயங்காலம் புள்ள பொறந்துச்சு, ஆபரேஷன் பண்ணி, பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. அந்தம்மா இத ஒருத்தர்ட்டயும் சொல்லல. என்னய பாத்தா தலையாட்டும், பேசாது. இப்பல்லாம் தீர்த்தம் வாங்குறது இல்ல. நானும் கலக்குறது இல்ல, வேற ஆளு கலக்குறாரு.

மவன் அடுத்த வாரம் தானா போயி பேரு குடுத்து வைத்தியத்துல சேந்தான். நடுவுல ஒரு தடவ சறுக்குனான். திரும்பப் போனான். நான் எந்தக் கதவயும் பூட்டல. இப்ப லோரிய விட்டுட்டு ஒரு பேக்டரில வேல செய்றான். சோறு திங்கிறான், தூங்குறான். தூங்கும்போது நான் போயி பாத்துட்டு வருவேன். அவன் காடி கழுவுனா எனக்கு நெஞ்சு அடிக்கும். ரொம்ப சிரிச்சான்னா இன்னும் பயம். காலைல எந்திரிச்சதும் மொத வேலையா அம்மன் படத்துக்குப் பின்னால கைய விடுறேன். கும்புடுறதுக்கு முன்னால.

இத்தனையும் எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னா, அந்தக் கோயில் கூட்டுற பொண்ணு இருக்கே, அன்னைக்கு ஏச்சு வாங்குனதோட கோயிலுக்கு வர்றத நிறுத்திருச்சு. கொடம் மூடத் தெரியாதவள்னு இன்னைக்கும் பேசுறாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு வாயத் தொறக்காம வந்துருக்கேன், எத்தனையோ தடவ. நேத்து மவன கேட்டேன், சொல்லட்டுமாடான்னு. கொஞ்ச நேரம் தட்டுல இருந்த சோத்தயே பெசைஞ்சுக்கிட்டு இருந்தான். சொல்லுங்கப்பான்னுட்டான்.

அது இப்ப ஆயர் குரோல மவ வீட்டோட இருக்குதாம். எனக்கு கண்ணும் இல்ல, காடியும் இல்ல, அது முன்னால போயி நிக்க தைரியமும் இல்ல. நீங்க அந்தப் பக்கம் போய்வர்ற ஆளு. பாத்தீங்கன்னா சொல்லிருங்க. அதுகிட்ட மட்டும் இல்ல, அன்னைக்கு கோயில்ல இருந்தவங்க யாரப் பாத்தாலும் சொல்லுங்க. கொடம் மூடித்தான் இருந்துச்சு. பல்லி விழல. அதுல போட்டவன் இந்தக் கெழவன்தான்னு சொல்லுங்க.